மெஷினுக்கும் ஒரு ஆகட்டுங்க

அந்தப் பையைச் சித்த இக்கட்டால, சொவத்துப் பக்கமா நகத்தி வெச்சுக்குங்க அம்மிணி, நானும் உக்காந்துக்கறேன். முட்டி நெம்ப நேரம் நிக்க விடமாட்டேங்குது. உள்ள இருக்கறது ஆரு உங்களுக்கு? அப்பாங்களா. எந்தப் பக்கம்? உடுமலைங்களா, சரி சரி. நாங்க பெருந்துறை. பெருந்துறைன்னா பெருந்துறையே இல்லீங்க, அங்கிருந்து சென்னிமலை போற ரோட்டுல உள்ள தள்ளி. என்ற ஊட்டுக்காரரு அதா, தண்ணி கேனுக்குப் பக்கத்துல பச்சைச் சட்டை போட்டுட்டு நிக்கறாரு பாருங்க, அவருதான். சென்னியப்பன்னு பேரு. செக்யூரிட்டிகிட்டப் பேசிட்டிருக்காரு. இங்க வந்து இன்னும் பொழுதே ஏறலை, அதுக்குள்ள அந்த ஆளோட மாமனார் ஊரு எதுன்னு தெரிஞ்சு வெச்சிருப்பாரு.

உங்கப்பாவுக்கு அடுத்தது எங்களுதுதான். எங்களுதுன்னு சொல்றது என்னன்னா, படம் எடுக்கறது அவருக்கு, ஆனா எனக்கும் உள்ள சோலி இருக்குதுங்க. மைக்குல பேசோணும். நீங்க சிரிக்கறீங்க. நெசமாத்தான் சொல்றேன். இந்த ஆஸ்பத்திரில எம்.ஆர்.ஐ ரூமுல மைக்குல பேசற ஒரே வெளியாளு நான்தான். என்னைய எதுக்குக் கூப்படறாங்கன்னா, அது பெரிய கதை. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகோணுமல்ல. நான் அளவாத்தான் பேசுவேன், பயந்துக்காதீங்க.

எங்கூட்டுக்காரருக்கு மோட்டாருக்குக் காயில் கட்டற வேலைங்க. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, எது எரிஞ்சாலும் எங்க பட்டறைக்குத்தான் தூக்கிட்டு வருவாங்க. தண்ணி பாய்ச்சற நேரத்துல மோட்டாரு எரிஞ்சா ஒரு விவசாயி எப்படி வருவாருன்னு உங்களுக்குத் தெரியாததா. சத்தம் போட்டுட்டுத்தான் வருவாரு. "நாளைக்குக் காலைல எனக்கு மோட்டாரு ஓடோணும்"னு ஒருத்தரு. இவரு "ஆகட்டுங்க". "அதுக்கு முன்னால எங்களுது ஓடோணும்"னு இன்னொருத்தரு. அவருக்கும் "ஆகட்டுங்க". நம்ம பக்கம் அது பழக்கம்தான், இல்லைங்கல. ஒருத்தரு ஒரு வார்த்தை சொன்னா, 'சரிங்க', 'ஆகட்டுங்க'ன்னு ஒரு பதில் சொல்லோணும். சொல்லாமப் போனாத் திமிரு புடிச்சவன்னு பேரு வந்துரும். ஆனா மத்தவங்களுக்கு அது வாயில இருக்குது, இவருக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. போன்ல ஒரு புள்ளை, நீங்கள் அழைக்கும் எண் தற்சமயம் உபயோகத்தில் உள்ளதுன்னு சொல்லும் பாருங்க, அதுக்கும் "சரிங்கம்மிணி, பொறகு கூப்படறனுங்க"ன்னு சொல்லிப்போட்டுத்தான் வெப்பாரு. அது பதிவு பண்ணி வெச்ச குரலுன்னு எங்க மகன் எத்தனையோ தடவை சொல்லிட்டான். "இருந்துட்டுப் போகுதுப்பா, சொல்றது ஒரு பொம்பளைப் புள்ளைதானே"ங்கறாரு.

ஊருக்கெல்லாம் ஆகட்டுங்க. எனக்கு? அதைத்தானுங்க சொல்ல வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல நான் ஒண்ணு சொல்லி, இந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு 'சரி' சொன்னதா எனக்கு ஞாபகமில்லை. ஒரு 'ம்' கூடக் கெடையாது. சமையக்கட்டுல குழாய் ஒழுகுதுங்கன்னு சொல்லுவேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. சொவத்துகிட்டச் சொன்னாப்பல இருக்கும் எனக்கு. அந்தக் குழாய் அப்பறம் தானாவே நின்னுபோச்சு, அது வேற. முட்டி வலிக்குது, மேல் தட்டுல இருக்கற டப்பா எட்டமாட்டேங்குதுன்னு ஒரு நாள் பொலம்புனேன். ஏன், எவடத்துல வலிக்குதுன்னு ஒரு கேள்வி? இல்லை. இப்ப டப்பாவெல்லாம் கீழ் தட்டுலதான் இருக்குது, மருமக எறக்கி வெச்சிருப்பா. அவளைக் கேட்டா நான் இல்லீங்கத்தைங்கறா. செஞ்சதைச் சொல்லிக்காத கொணம் அவளுக்கு, நல்ல புள்ளை.

சரி, விசயத்துக்கு வர்றேன். வயிறு மந்தமா இருக்குது, சோறு எறங்கமாட்டேங்குதுன்னு போன வருசம் சொல்லிட்டே இருந்தாரு. என்கிட்ட இல்லீங்க, பட்டறைக்கு வர்றவங்ககிட்ட. அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். பெருந்துறையில வயித்து ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்ல ஒரு கட்டி இருக்குதுன்னாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா, மஞ்சக்காமாலைல பி-ன்னு ஒரு வைரஸ் இருக்குதாமே, அது இவரு ஒடம்புல எந்தக் காலத்துலயோ புகுந்து, சத்தமில்லாமக் குடியிருந்து, ஈரலைச் சுருக்கி வெச்சிருக்குது. இவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுகிட்டயும் ஊரு பேரு விசாரிச்சிருப்பாரு.

இந்த எடத்துல எங்க நங்கையாளைப் பத்திச் சொல்லியே ஆகோணும். இவரோட அக்கா. சேதி கேட்டு வந்தவ, வாசப்படில நின்னுட்டே, "எங்க தம்பி குடிக்கமாட்டானே, ஈரலு எப்படிக் கெட்டுச்சு? உனக்குத் தெரியாமப் பட்டறைல வெச்சுக் குடிச்சிருப்பானோ"ங்கறா. கூடப் பொறந்தவ பேசற பேச்சுங்களா இது? எளநியைத் தவிர வேறெதையும் வாயில வெச்சதில்லை இந்த மனுசன். வைரஸ்னால வர்றதுங்க நங்கையான்னு டாக்டரு சொன்னதை வரி விடாமச் சொன்னேன். "என்னமோ போ, ஒறம்பரை சனம் கேட்டா நான் வைரஸ்னே சொல்லிக்கறேன்"னு எனக்குச் சலுகை பண்ணிட்டுப் போனா. எனக்கு வந்த கோவத்துல அவளுக்குப் போட்ட காப்பில சக்கரை போடாமக் குடுத்தேன். சக்கரை வியாதி, அதுவும் அவளுக்கு நல்லதாப் போச்சு.

பெருந்துறைல இருந்து இங்க கோயமுத்தூருக்குத் தாட்டி விட்டாங்க. இங்க ஈரல் டாக்டரு நல்ல மனுசன், பொறுமையாச் சொன்னாரு. ஈரல்லயே மொளைக்கற புத்துநோயில முக்கியமா ரெண்டு வகை இருக்குதாம் அம்மிணி. ஈரலோட சதையிலயே வர்றது ஒண்ணு. ஈரலுக்குள்ள பித்தம் ஓடற சின்னச் சின்னக் குழாயில வர்றது இன்னொண்ணு. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் கட்டிதான். ஆனா வைத்தியம் வேற வேற. "மொத வகையா இருந்தா, இந்தச் சைஸுக்கு, வெளியிருந்தே ஊசியை விட்டுச் சூடு வெச்சுப் பொசுக்கிடலாம்மா. ரெண்டாவதா இருந்தா வயித்தைத் திறந்து ஈரல்ல பெரிய துண்டா எடுக்கோணும். இவரு ஈரல் இருக்கற நெலமைக்கு அதைத் தாங்குமான்னு யோசிக்கோணும்"னாரு. மொத வகையைப் பத்திப் பேசறப்ப என்ற மூஞ்சியைப் பாத்துப் பேசுனாரு. ரெண்டாவதைப் பத்திப் பேசறப்ப பேனாவைப் பாத்துப் பேசுனாரு. எனக்கு அதுவே போதுமுங்க, புரிஞ்சுபோச்சு.

நான் பயப்படலை. பயந்தது அவருதான். நான் சும்மா காலைல சித்த நேரம் சாமி ரூமுல உக்காருவேன், சாயங்காலம் சித்த நேரம். மத்தியானமும் உக்காந்தேன், மின்விசிறி அங்கதான் நல்லா சுத்தும். மொத வகையாவே இருக்கட்டும் முருகான்னு வேண்டிக்கிட்டேன். புத்துநோயில எனக்கு இந்த வகைதான் வேணும்னு கேட்டு வாங்கப் பாத்த பொம்பளை நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எந்த வகைன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்கன்னு கேட்டேன். ஊசில சதையக் கிள்ளி எடுத்துப் பாக்கலாம், ஆனா இவருக்கு ரத்தம் சீக்கிரம் ஒறையாது, உள்ள கசிஞ்சா வம்பு, அதனால மொதல்ல எம்.ஆர்.ஐ படம் எடுத்துப் பாப்போம், பாதிப் பேருக்கு மேல படத்துலயே தெரிஞ்சுரும்னாங்க. இங்க ஸ்கேன் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, கண்ணாடி போட்டுட்டு, தலை முடியைக் குட்டையா வெட்டியிருப்பாங்க. அவங்கதான் எனக்கு வெளக்கமாச் சொன்னாங்க. கையில ஊசி வழியா ஒரு மருந்து ஏத்துவாங்களாம். அது ரத்தத்தோட ஈரலுக்குள்ள ஓடறப்ப விட்டு விட்டுப் படம் எடுப்பாங்களாம். மொத வகைக் கட்டின்னா மருந்து வந்ததும் பளிச்சுன்னு வெளுக்கும், சித்த நேரத்துல சுத்தியிருக்கற ஈரல் வெளுக்கறப்ப அது மட்டும் கருத்துப் போயிரும். ரெண்டாவது வகைன்னா மொதல்ல ஓரம் மட்டும் வளையமா வெளுக்கும், அப்பறம் உள்ள மெல்ல மெல்ல ஊறும், கடைசி வரைக்கும் போகாது.

"அப்படின்னா, சட்டுனு கோவம் வந்து சட்டுனு போறது மொத வகை, உள்ளயே வெச்சுப் பொகைஞ்சுட்டு இருக்கறது ரெண்டாவது வகை, சரிங்களா டாக்டர்"னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, "அப்படியும் வெச்சுக்கலாம்மா"ன்னாங்க. நான் மொத வகை அம்மிணி. எங்க நங்கையா ரெண்டாவது.

ஆனா ஒண்ணு சொன்னாங்க. மருந்து ஏறுன ஒடனே எடுக்கற அந்த மொதப் படம்தான் முக்கியம். அந்த நேரத்துல மூச்சை நிறுத்தி வெக்கோணும். மூச்சு விட்டா ஈரலு மேலயும் கீழயும் ஆடும், படம் கலங்கிரும். மருந்து ஒரு தடவை ஓடிருச்சுன்னா அன்னைக்கு அவ்வளவுதான், மறுபடி கொண்டாந்து நிறுத்த முடியாது. மூச்சை எப்ப இழுக்கோணும், எப்ப நிறுத்தோணும்னு மெஷினே சொல்லும், கேட்டு அப்படியே பண்ணுனாப் போதும்னாங்க. இவரு, "ஆகட்டுங்கம்மா"ன்னுட்டு உள்ள போனாரு. நான் இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன், அந்தக் கோடில.

படம் கலங்கிப் போச்சுங்க.

டாக்டரம்மா என்னைய உள்ள கூப்பிட்டுக் காமிச்சாங்க. ஈரலு பூராக் கோடு கோடா, ஆடுன ஃபோட்டோவாட்டம் இருக்குது. கட்டி வெளுத்திருக்குதா, ஓரம் மட்டும் வெளுத்திருக்குதா, ஒண்ணும் சொல்ல முடியலை. "ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம்மா. அய்யாவுக்கு மூச்சு நிறுத்த வரலையாட்டம் இருக்குது"ன்னாங்க. ரெண்டுல எதுவா வேணாலும்னா என்ன அர்த்தம்? அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ற குடும்பமே இருக்குதே. வெளிய வந்து, "ஏனுங்க, ஒரு மூச்சை நிறுத்த முடியலீங்களா உங்களால"ன்னு கேட்டேன். நிறுத்துனேன்னும் சொல்லலை, நிறுத்தலைன்னும் சொல்லலை. என்ற பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு முன்னால நடந்துட்டாரு.

மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாப்போம், அதுலயும் தெரியலைன்னா ஊசிதான்னாங்க. ஊட்டுக்குப் போயி மூச்சு நிறுத்திப் பழகிட்டு வாங்கன்னு அனுப்புனாங்க. பழக்குனது நான்தான். கட்டில்ல நேராப் படுக்க வெச்சு, நான் தலமாட்டுல உக்காந்துட்டு, "இழுங்க, நிறுத்துங்க"ன்னு சொல்லுவேன். கல்லாட்டம் கெடப்பாரு. வயிறு அசையாது, கண்ணு சிமிட்டாது. "உடுங்க"ன்னா விடுவாரு. நானும் பாக்கறேன், ஒரு தடவை கூடத் தப்பு வரலை. நல்லாத்தானே நிறுத்தறாரு, இவரைப் போயி மூச்சு நிறுத்த வரலைன்னுட்டாங்களே, மெஷினுதான் கோளாறுன்னு எனக்கு ஒரே கோவம். வந்து நல்லாக் கேட்டுப்போடோணும்னு இருந்தேன்.

ரெண்டாவது தடவை வந்தப்ப ரெஜினான்னு ஒரு புள்ளை, நாகர்கோயில் பக்கம், அதுதான் மெஷின ஓட்டுது. "எங்கூட்டுக்காரரு ஊட்டுல நல்லாத்தான் நிறுத்தறாரு, உங்க மெஷினைச் சரி பாருங்க"ன்னேன். அது நல்ல புள்ளை, கோவிச்சுக்கலை. "வாங்கம்மா, மருந்து போடாம, படமும் எடுக்காமச் சும்மா ஒரு தடவை ஒத்திகை பாத்துருவோம், நீங்களும் இருந்து பாருங்க"ன்னு என்னையக் கண்ணாடி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி ஒரு நாற்காலியப் போட்டுது. அந்தப் பக்கம் இவரு குழாய்க்குள்ள படுத்திருக்காரு, பாதம் மட்டும் தெரியுது. டாக்டரம்மாவும் வந்துட்டாங்க.

ரெஜினா பட்டனை அமுத்துச்சு. மெஷினுக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல், நெம்ப மரியாதையா, "மூச்சை உள்ளே இழுங்க. அப்படியே நிறுத்துங்க"ன்னுது.

ஸ்பீக்கர்ல இவரு குரல் வருதுங்க. "ஆகட்டுங்கம்மா."

ரெஜினா என்னையப் பாக்குது, நான் டாக்டரம்மாவைப் பாக்கறேன். மறுபடி பட்டனை அமுத்துனாங்க. "மூச்சை உள்ளே இழுங்க. அப்படியே நிறுத்துங்க." "சரிங்கம்மா, நிறுத்திட்டனுங்க." இழுத்த மூச்செல்லாம் அந்தப் பதில்லயே போயிருது. நிறுத்திட்டேன்னு சொல்றதுக்கு மூச்சு வேணுமல்லங்க. போன தடவை மெஷினு தடதடன்னு ஓடுனதுல இவரு பேசுனது ஒருத்தர் காதுலயும் விழுகலை. அந்த முக்கியமான மொதப் படம் எடுக்கறப்ப இந்த மனுசன் மெஷினுக்கு மரியாதை பண்ணிட்டு இருந்திருக்காரு.

எனக்கு மானமே போச்சு. ரெஜினா மைக்கைப் புடிச்சு, "அய்யா, நீங்க பதில் ஒண்ணும் சொல்லக் கூடாது. பேசாம இருக்கணும்"னுது. "பேசலீங்கம்மிணி"ங்கறாரு. "இப்பப் பேசறீங்களே அய்யா." "இனிமேப் பேசலீங்க." சரின்னு மறுபடி அமுத்துனா, மெஷினு சொல்லுது, இவரு மெதுவா, ரகசியமா, "ஆகட்டுங்க"ங்கறாரு. சத்தத்தைக் கொறைச்சுட்டாராமா. டாக்டரம்மா வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறாங்க. ரெஜினா தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டுது. "மரியாதையாச் சொல்றதாலதானே பதில் சொல்றாரு, மரியாதை இல்லாமச் சொல்லிப் பாக்கறேன்"னு மைக்குல, "மூச்சை இழு, நிறுத்து"ன்னு அதட்டுச்சு. "சரி சாமி"ங்கறாரு.

அவரு வேணும்னே பண்ணலைங்க. என்னையக் கேட்டா எனக்குத் தெரியும். ஒருத்தரு சொல்லிட்டா, பதில் சொல்லாம அவரால கெடக்க முடியாது, அது தானா வருது. ஆனா அன்னைக்கு எனக்கு அந்த நெனப்பெல்லாம் வருதா? சிரிக்கறாங்களேன்னு கோவம், மறுபடி கலங்கிருச்சுன்னா ஊசில கிள்ளோணுமேன்னு பயம். வந்த ஆத்தரத்துல கேட்டுட்டேன். "ஊரு ஒலகத்துல இருக்கற அத்தனை பேருக்கும் பதில் சொல்லுவாருங்க இந்த மனுசன். இரும்புல செஞ்ச மெஷினுக்குக்கூட ஆகட்டுங்க. கட்டுன பொண்டாட்டி நான் ஒருத்திதான், எனக்கு மட்டும் இதுவரைக்கும் ஒரு பதில் கெடையாது"ன்னேன். சொல்லிட்டு முந்தானையில மூஞ்சியத் தொடைச்சேன், வேர்த்திருந்துது.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. "என்னம்மா சொன்னீங்க? உங்களுக்குப் பதிலே சொல்லமாட்டாரா?"

"மாட்டாருங்க."

"ஊட்டுல மூச்சுப் பழக்குனது நீங்களா?"

"நான்தானுங்க."

ரெஜினா நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சு மைக்கை என் பக்கம் திருப்பி வெச்சுருச்சு.

நான் மாட்டேன்னேன். எனக்கு மைக்கெல்லாம் பழக்கமில்லீங்க, கல்யாண ஊட்டுல மொய் சொல்றதுக்கே நான் போகமாட்டேன். "நான் உங்க தோளத் தொடறப்ப நிறுத்தச் சொல்லுங்க, மறுபடி தொட்டா விடச் சொல்லுங்க, அவ்வளவுதாம்மா"ன்னுது அந்தப் புள்ளை. மருந்தை ஏத்திட்டாங்க. தோளத் தொட்டுது. நான் மைக்குல, ஊட்டுல சொல்றாப்பலயே, "ஏனுங்க, மூச்சை இழுங்க. நிறுத்துங்க"ன்னேன்.

ஒரு சத்தமில்லை அம்மிணி. ஸ்பீக்கர்ல ஒரு 'ம்' கூட வரலை. மெஷினு தடதடன்னு ஓடுது, பாதம் ரெண்டும் அசையாமக் கெடக்குது. இத்தனை வருசமா எந்த ஒரு கொறையை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனோ, அந்தக் கொறையே இல்லாமப் போயிருமோன்னு அன்னைக்கு பயந்துட்டு உக்காந்திருந்தேன். பதில் சொல்லிப்போடாதீங்க, பதில் சொல்லிப்போடாதீங்கன்னு மனசுக்குள்ள ஓடுது.

டிவியாட்டம் இருக்கறதுல படம் வந்துது. எனக்கென்ன தெரியும், சாம்பக் கலர்ல என்னென்னமோ இருக்குது. டாக்டரம்மா விரலை வெச்சுக் காமிச்சாங்க. அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு வெளுப்பா இருந்துது. ஓரம் மட்டுமில்லை, பூராவும். கலங்கவே இல்லை, வரைஞ்சாப்பல இருக்குது. "உடுங்க"ன்னேன். மறுபடி "இழுங்க, நிறுத்துங்க." மறுபடி "உடுங்க." இப்படியே விட்டு விட்டுப் போகுது. இனி அந்த வெளுப்புப் போகோணும். நான் திரையவே பாத்துட்டு இருக்கேன். போடா, போடான்னு அந்தக் கட்டியப் பாத்துச் சொல்றேன், மைக்குல இல்லீங்க, மனசுக்குள்ள.

கடைசிப் படத்துக்கு நிறுத்தச் சொன்னேன். மெஷினு ஓடி முடிஞ்சு சத்தம் நின்னுது. படம் வந்துது. சுத்தி ஈரலெல்லாம் வெளுத்துக் கெடக்குது, அந்த எடம் மட்டும் கருப்பு. டாக்டரம்மா நாற்காலில சாஞ்சு உக்காந்தாங்க. "எல்லாத்தையும் ஒரு தடவை நிதானமாப் பாத்துட்டுத்தான் எழுதுவேன். ஆனா எனக்குச் சந்தேகமில்லைம்மா. நீங்க சொன்னீங்களே, சட்டுனு வந்து சட்டுனு போறது, அந்த வகைதான்"னாங்க.

எனக்கு அப்பறம் ஒண்ணும் தெரியலை. அந்தம்மா கையப் புடிச்சுட்டேன். என்ன சொன்னேன், ஏது சொன்னேன், நெனப்பில்லை. அழுதேன். ரெஜினாவும் டாக்டரம்மாவும் என்னையச் சமாதானம் பண்றாங்க, நான் முருகாங்கறேன், சாமிங்கறேன். புத்துநோயின்னு உறுதியாச் சொன்னதுக்கு ஒரு பொம்பளை கும்பிட்டு நன்றி சொல்றதை அவங்க அன்னைக்குத்தான் பாத்திருப்பாங்க.

அப்பத்தான் ரெஜினா கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பாத்துட்டு, "அம்மா, அய்யாவை விடச் சொல்லலியே நீங்க"ன்னுது.

பதறிப் போயி மைக்கைப் புடிச்சு, "உடுங்க, உடுங்க, அய்யோ மூச்சை உடுங்க"ன்னு கத்துனேன். ஸ்பீக்கர்ல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துது பாருங்க, பஸ்ஸு டயர்ல காத்துப் போனாப்பல. அப்பறம் இருமலு.

வெளிய கொண்டாந்தப்ப மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்குது, கண்ணுல தண்ணி. உள்ள தாங்க முடியாட்டி அமுத்தறதுக்குன்னு கையில ஒரு ரப்பர் பந்து குடுத்திருந்தாங்க, அதையும் அமுத்தலை. நான் புடிச்சு நல்லாத் திட்டுனேன். "ஏனுங்க, மெஷினு நின்னது காது கேக்கலீங்களா? படம் எடுத்து முடிச்சாச்சுன்னு தெரியுதில்ல, விட வேண்டியதுதானே? செத்துகித்துப் போயிருந்தா என்ன பண்ணுவேன் நான்"னு கேட்டேன்.

மூச்சு வாங்கிட்டே என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "நீ இன்னும் சொல்லலையே"ன்னாரு.

அவ்வளவுதான். அதுவும் ஒரு பதிலுதானோ என்னமோ. என்னத்தைச் சொல்றது போங்க. இத்தனை வருசமா நான் எதைச் சொல்லிக் கேட்டிருக்காரு இந்த மனுசன், அன்னைக்கு இதை மட்டும் கேட்டாராமா. நீங்க ஏனுங்கம்மிணி கண்ணைத் தொடைக்கறீங்க? உங்கப்பாவுக்கும் நல்லதாத்தான் வரும், கலங்காதீங்க. அவரு பேசமாட்டாருங்களே? அப்பச் சரி.

அப்பறம் ஊசிய விட்டுச் சூடு வெச்சுப் பொசுக்குனாங்க. நல்லபடியா ஊட்டுக்கு வந்துட்டாரு, பட்டறைக்கும் போறாரு. சில மாசத்துக்கு ஒருக்கா வந்து படம் எடுக்கோணும். பொசுக்குன எடம் கருப்பாவே கெடக்குதா, பக்கத்துல வேற எங்காச்சும் புதுசா வெளுக்குதான்னு பாக்கறதுக்கு. போன தடவை நல்லா இருந்துச்சு. இன்னைக்கு எப்படியோ. பயமில்லைன்னு சொன்னனே, அது சும்மா சொன்னதுங்க. வர்ற வழியெல்லாம் பயம்தான். பஸ்ஸுல நான் பேசிட்டே வந்தேன், அவரு சன்னலப் பாத்துட்டே வந்தாரு. நீ பயப்படாதேன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. என்ற கையத்தான் திருப்பூர் தாண்டற வரைக்கும் புடிச்சுட்டு வந்தாரு, வளைவுல பஸ்ஸு ஆடுமுங்க.

அதா உங்கப்பா வந்துட்டாரு, போங்க, படியில கையப் புடிச்சு எறக்குங்க. இருங்க, எங்களையும் கூப்படறாங்க. இதா வந்துட்டோம் ரெஜினா. ஏனுங்க, இங்க வாங்க. கடியாரத்தைக் கழட்டி என்கிட்டக் குடுங்க. இடுப்புல அண்ணாக்கயித்தையும் பாருங்க, வெள்ளித் தாயத்து இருக்கும். செருப்பை ஓரமா விடுங்க, நடையில கெடந்தா ஆராச்சும் தடுக்கி விழுவாங்க. சித்தத் தண்ணி குடிச்சுக்குங்க, தொண்டை காஞ்சிருந்தா உள்ள இருமல் வரும்.

பாத்துக்கிட்டீங்களா அம்மிணி? நீங்களே சாட்சி. கடியாரம் என்ற கையில இருக்குது, தாயத்து இருக்குது, செருப்பு ஓரமாப் போயிருச்சு, தண்ணியும் குடிச்சாச்சு. ஒரு 'சரி' வந்துதுங்களா அந்த வாயில இருந்து? செக்யூரிட்டிக்கு மட்டும் "வர்றனுங்க தம்பி"ன்னு சொல்லிட்டு உள்ள போறாரு பாருங்க. என்ற பையைச் சித்தப் பாத்துக்குங்க, நான் வெரசாப் போகோணும். நான் போயிச் சொன்னாத்தானுங்க அவரு மூச்சு விடுவாரு.